பேசுபவர் பெயர்

பிப்ரவரி 4

அன்பு மகள் சிட்டுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். என் இடுப்பு மட்டும் தனிக்கட்சி, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அறையில் காற்று வருகிறதா என்று எழுது.

நீ போய்ச் சேர்ந்து போட்ட முதல் கடிதம் நேற்று வந்தது. "போன் இருக்கும்போது எதற்கப்பா என்னைக் கடிதம் எழுதச் சொன்னீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போனில் உன் குரல் கேட்டால் உன் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அவள் மிக்சியைப் போட்டாள். அதற்குள் அரைக்க ஒன்றுமே இல்லை. கடிதம் என்றால் அப்படி இல்லை. கடையிலிருந்து வந்த பழைய சீட் உறைகளை மடியில் போட்டுக்கொண்டு, பிளேடால் தையலைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான் எனக்காகப் படிப்பதுபோல் சத்தமாகப் படித்தேன். அவள் வேலைக்காக உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். நீ கிளம்பின நாளிலிருந்து உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், உன் கடிதம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஆகவே கடிதம்தான். கை வலித்தாலும் எழுது.

சர்க்கார் அலுவலகத் தட்டச்சு வேலையை விட்டதால்தான் அம்மாவுக்கு இவ்வளவு கோபம் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். உன்னை அந்தப் பரீட்சைக்கு இழுத்துப் பிடித்து உட்கார வைத்தவள் அவள்தானே. வேறு ஏதாவதும் இருக்கலாம். நான் என்னத்தைக் கண்டேன்? பஸ் சீட்டுக்கு உறை தைக்கிறவன். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன், ஆக மொத்தம் பதினொன்று.

படித்து முடித்து, "என்ன சொல்றே?" என்று அவளைக் கேட்டேன். "ம்" என்றாள்.

பக்கத்துக் கடை பேட்டரிக்காரர் உன்னைப் பற்றி விசாரித்தார்.

"பொண்ணு என்ன வேலைண்ணே பாக்குது?"

"சினிமாவுக்கு வசனம் எழுதுது."

"அடேங்கப்பா! எந்தப் படம்?"

"படம் முடிஞ்ச பிறகு எழுதுது."

"முடிஞ்ச பிறகா? பரீட்சை முடிஞ்சு மணி அடிச்ச பிறகு படிக்க உக்காந்த மாதிரியில்ல இருக்கு!"

இருமிக்கொண்டே உள்ளே வந்துவிட்டேன். ஆகவே உன் வேலை என்னவென்று ஒரு தரம் விளக்கமாக எழுது. மெதுவாக எழுது, நான் மெதுவாகப் படிக்கிறவன்.

இப்படிக்கு,
உன் பதில் வரும்வரை இருமிக்கொண்டிருக்கும் அப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். நான் சுகம். தனிக்கட்சிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அறையில் காற்று வருகிறது, கூடவே எதிர்வீட்டு ரேடியோவும் வருகிறது.

பேட்டரிக்காரருக்குப் பதில் இது. படம் எடுக்கும் முன் தாளில் எழுதும் வசனம் ஒன்று. எடுக்கும்போது நடிகர் பேசுவது வேறொன்று. அவர் பாதியை மறப்பார், சொந்தமாகச் சேர்ப்பார், நடுவில் தும்முவார். பிறகு வெட்டி, ஒட்டி, குரல் சேர்த்து, இசை சேர்த்து முடித்தபின் படத்தில் மிஞ்சுவது மூன்றாவது. முடிந்த அந்தப் படத்தை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினால், தங்கள் பாஷையில் அடியில் எழுத்து ஓட விட வேண்டும், அல்லது குரல் கொடுக்க வேண்டும். அதற்கு, படத்தில் உண்மையில் என்ன பேசப்பட்டது என்று யாராவது ஒரு வரி விடாமல் எழுதித் தர வேண்டாமா? அந்த யாராவதுதான் நான். தாளில் இருந்த வசனத்தைப் பார்த்து எழுதினால் செருப்படி. பேசினதைத்தான் எழுத வேண்டும்.

காதில் ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் படம் கொஞ்சம் பின்னால் ஓடும். எந்த நொடியில் பேச ஆரம்பித்தார், எந்த நொடியில் முடித்தார் என்று ஒரு பத்தி. பேசுபவர் பெயர் ஒரு பத்தி. என்ன பேசினார், எப்படிப் பேசினார் என்று இன்னொன்று. பின்னால் கூட்டத்தில் கேட்கும் குரல், சுவரில் தெரியும் விளம்பரம், எதையும் விடக் கூடாது. லாரி சத்தத்துக்கு நடுவே ஒருவன் முணுமுணுத்ததைப் பிடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். கடைசியில் அது "அட" என்று இருக்கும்.

மொழிபெயர்ப்பவர்களுக்குக் குறிப்பும் எழுத வேண்டும். போன வாரம் ஒரு படத்தில் நண்பன் நண்பனிடம், "அறுக்காதடா" என்கிறான். "காட்சியில் கத்தி எதுவும் தெரியவில்லையே, எதை அறுக்கிறார்?" என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். இன்னொன்றில் அண்ணன் தங்கையை "வா எருமை" என்கிறான். "அந்த விலங்கு எப்போது உள்ளே வருகிறது?" என்று கேள்வி. எதிரே "பாசம்" என்று குறிப்பு எழுதினேன். படங்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். வெளிவராத படங்கள் என்பதால் வாசலிலேயே எங்கள் போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள்.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கமா அக்கா. ஒரு கமாவுக்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை போடுவார். வெறும் "ம்" என்று எழுதினால் சிவப்பு மையோடு திரும்பி வரும். சரி என்கிற ம்-மா? மேலே சொல்லு என்கிற ம்-மா? போதும் நிறுத்து என்கிற ம்-மா? நீங்கள் அனுப்பின அம்மாவின் "ம்" எந்த வகை அப்பா? கையில் வேலை நின்றதா? முகம் எந்தப் பக்கம் இருந்தது?

ஜூன் மாதம் எனக்கு ஒரு வாரம் லீவு உண்டு. வர ஆசைதான். ஆனால் அம்மா வாயிலிருந்து "வா" என்று ஒரு வார்த்தை வரட்டும். அது வராமல் நம் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்குக் கால் எழாது.

அன்பு மகள்,
சிட்டு


மார்ச் 2

சிட்டுக்கு அப்பா எழுதுவது.

இருவரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், வெந்நீர் கொட்டி இப்போது இடுப்போடு பாதமும் கட்சியில் சேர்ந்துவிட்டது.

பேட்டரிக்காரர் உன் வேலையை ஒத்துக்கொண்டார். "அப்ப உங்க வீட்டுக்கு ஒரு ஆளு வேணுமேண்ணே, நீங்க பேசறதுல பாதி எங்களுக்கே புரியறதில்ல" என்றும் சொன்னார். இருக்கட்டும்.

நீ கேட்டபடி அம்மாவின் "ம்" எல்லாவற்றையும் வகை பிரித்து எழுதியிருக்கிறேன். கமா அக்காவிடம் காட்டாதே.

காட்சி: நம் வீட்டுக் கூடம், சாயங்காலம். டியூப்லைட் கண்ணடிக்கிறது.

அப்பா: (கடிதத்தைப் படிக்கிறார். கண்ணாடி மூக்கு நுனியில்.)

அம்மா: (தையலைப் பிரித்தபடி, உன் சுகம் பற்றிய வரிக்கு) ம். (இது "இருக்கட்டும்" வகை.)

அம்மா: (மூன்று வசனம் பற்றிய இடத்தில்) ம். (இது மேலே சொல்லு வகை. பிளேடு மெதுவாக ஓடியது. நான் மூச்சு விட நிறுத்தியபோது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.)

அம்மா: (எருமை வரும் இடத்தில் மூக்கு வழியே ஒரு காற்று. சிரிப்பு என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.)

அப்பா: ("வா" என்று அம்மா சொல்ல வேண்டும் என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்துகிறார்.)

அம்மா: (பிளேடு நின்றது.)

அப்பா: என்ன சொல்றே?

அம்மா: டியூப்லைட்ட மாத்துங்க.

அவ்வளவுதான். அந்தக் கடைசி வசனத்துக்கு என்ன குறிப்பு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டியூப்லைட்டை மாற்றிவிட்டேன்.

உடம்பைக் கவனி. அந்த மிதியை இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதி, ஒரே கால் வீங்கிவிடும்.

இப்படிக்கு,
அப்பா (துணை இயக்குநர், வீட்டுக் கூடம்)


மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். கொஞ்சம் சளி, அவ்வளவுதான். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் காட்சியைப் படித்துச் சிரித்தேன், கடைசி வரிக்கு முன்பு வரை. டியூப்லைட்டை மாற்றச் சொன்னது "வா" வகை இல்லை அப்பா. அது தெரிகிறது.

அறையில் என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேனே. ஒருத்தி தையல் கடையில் வேலை, இன்னொருத்தி நர்சுக்குப் படிக்கிறாள். நல்லவர்கள். சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்து போன் வரும். "ம்மா, சாப்ட்டேம்மா, ம்மா, அத நான் எங்க வெச்சேன்னு எனக்கென்னம்மா தெரியும்" என்று ஒரே சத்தம். சண்டைதான் போடுவார்கள். எனக்கு அந்த நேரத்தில் துணி காயப்போடும் வேலை வந்துவிடும். ஈரத்துணி இல்லாத நாளில் காய்ந்ததையே நனைத்து எடுத்துப் போகிறேன்.

ஜூன் லீவுக்கு எழுதிக் கொடுக்கும் நாள் நெருங்குகிறது. மற்றவர்கள் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை.

சிட்டு


மார்ச் 26

கண்ணே சிட்டுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் பரம சுகம். உன் சளி எப்படி இருக்கிறது? ஆவி பிடி.

ஒரு நல்ல செய்தி. நேற்றுச் சாயங்காலம் உன் அம்மா தானாகவே வாயைத் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

அம்மா: (கையிலிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டு) சிட்டுகிட்ட சொல்லுங்க, எனக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. ஜூன் மாசம் ஒரு தரம் வந்துட்டுப் போகச் சொல்லுங்க. அவ இல்லாம வீடே வெறிச்சுனு கெடக்கு. (கண்ணில் தண்ணீர். மூக்கை உறிஞ்சுகிறாள், இரண்டு தரம்.)

கேட்டாயா? இனி யோசிக்காதே. லீவுக்கு எழுதிக் கொடு. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து வா.

இப்படிக்கு,
சந்தோஷத்தில் இருக்கும் அப்பா


ஏப்ரல் 4

அப்பாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். தையல்காரி பயந்துபோய், "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, எங்கம்மா என்னை வரச் சொல்லிட்டாங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மறுநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

பிறகு சந்தோஷத்தில் திரும்பவும் படித்தேன். திரும்பவும் படித்ததுதான் தப்பு.

அம்மா என்னைச் சிட்டு என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கோபம் என்றால் "ஏண்டி", கோபமில்லை என்றால் "இந்தாடி". "ஒரு தரம்" என்பது நீங்கள். அம்மாவுக்கு எதுவானாலும் "ஒரு வாட்டி". வீடு வெறிச்சென்று கிடக்கிறதாம். அம்மா அப்படிச் சொல்ல மாட்டாள், எழுந்து அந்த இடத்தைப் பெருக்கிவிடுவாள். கண்ணில் தண்ணீரும் மூக்கு உறிஞ்சலும்கூட உங்கள் கற்பனைதான்.

பேசுபவர் பெயர் தப்பு அப்பா. பேச்சு முழுக்க உங்களுடையது, எதிரே அம்மா என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஒரு வார்த்தை தப்பினால் திருத்திக்கொள்ளலாம். ஒருத்தர் பேச்சை இன்னொருத்தர் வாயில் வைத்துவிட்டால் கதையே மாறிப்போய்விடும்.

லீவுக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இனிமேல் பேசினதை மட்டும் எழுதுங்கள். ஒன்றும் பேசவில்லை என்றால், ஒன்றும் பேசவில்லை என்று எழுதுங்கள். அதை என்னால் தாங்க முடியும்.

சிட்டு


ஏப்ரல் 13

மகளுக்கு அப்பா எழுதுவது.

சுகம் விசாரிக்க முகமில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன், சுகமா?

பிடிபட்டேன். "தரம்" என்ற சின்ன வார்த்தை என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன் மாதிரி ஆளைப் பெற்றவன் பொய் எழுதும்போது இன்னும் கொஞ்சம் உஷாராக இருந்திருக்க வேண்டும். உன்னை அழ வைத்ததுதான் தாங்கவில்லை.

தண்டனை இங்கேயும் கிடைத்துவிட்டது. உன் கடிதம் வந்ததும் அம்மா வழக்கம்போல் உறைகளோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் வரியைப் படித்துவிட்டு, "அவ்வளவுதான், சின்னக் கடுதாசி" என்று மடித்தேன்.

"ரெண்டு பக்கமும் எழுதியிருக்கா. பின்னால மை தெரியுது. படிங்க."

"கண்ணு கூசுது."

"இப்பதான் புது லைட்டு மாத்தியிருக்கு. படிங்க."

படித்தேன். அவள் பிளேடைக் கீழே வைத்தாள்.

"நான் எப்ப இதச் சொன்னேன்?"

"சொல்லல. நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

"அழுதேன்னு வேற எழுதினீங்களா?"

"கொஞ்சமா."

"மூக்க உறிஞ்சினேன்னு?"

"ரெண்டு தரம்."

அவள் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ சொல்லிட்டுப் போனா. எனக்குப் பேசவும் தெரியாதுன்னு நீங்க எழுதி அனுப்பிட்டீங்க. நல்லா இருக்குங்க."

உறைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேசினதை மட்டும் எழுதச் சொன்னாய். நீ கிளம்பின அன்று காலையில் பேசினதையும் எழுதிவிடுகிறேன். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்றுதான் இதுவரை எழுதவில்லை. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

காட்சி: நம் வீட்டு வாசல். வெளியே வண்டி நிற்கிறது.

மகள்: (பையின் ஜிப்போடு மல்லுக்கட்டுகிறாள்) நேரமாச்சு, நேரமாச்சு.

அம்மா: (பையின் அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொடுக்கிறாள்) அந்த ஆபீஸ்ல உனக்கு என்ன வேலைன்னு ஒரு வாட்டி வெளக்கிட்டுப் போடி. கேக்கறவங்களுக்கு நான் சொல்லணுமில்ல.

மகள்: (ஜிப்பைப் பார்த்தபடி) சொன்னா மட்டும் உனக்கு என்னம்மா தெரியப் போகுது? விடு.

அம்மா: (பையை விடுகிறாள்.)

அப்பா: வண்டி வந்துடுச்சு, வண்டி வந்துடுச்சு. (தேவையில்லாத வசனம்.)

வேலையை விட்டதற்கு அவள் திட்டினாள், அது அதற்கு முந்தின வாரமே தீர்ந்துபோயிற்று. வாயை மூடினது இதற்குப் பிறகுதான். நீ எனக்கு விளக்கமாக எழுதினதை நான் படித்தபோது அவள் பிளேடு ஏன் அவ்வளவு மெதுவாக ஓடியது என்று இப்போது உனக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மே 14

மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே சுகம். நீ சுகமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால், "நல்லாருக்கேம்பா, வேல அதிகம், எழுதறேன்" என்று வைத்துவிடுகிறாய். அன்றைக்கு நான் அதை எழுதியிருக்கக் கூடாதோ என்று மெஷினில் உட்கார்ந்தால் அதே யோசனை. ஒரு டிரைவர் சீட் உறையில் தலை வைக்கும் பக்கத்தை உட்காரும் பக்கமாகத் தைத்துவிட்டேன். அந்த டிரைவர், "அண்ணே, நான் தலைகீழா உக்காந்துதான் வண்டி ஓட்டணும் போல" என்று கடைவாசலில் நின்று கூட்டம் கூட்டிவிட்டார்.

இந்த மாதத்தில் அம்மா உன்னைப் பற்றிப் பேசினது கீழே. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அம்மா: (நேற்று மத்தியானம், ஜன்னலைத் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி) தபால்காரர் போயிட்டாரா?

அப்பா: போயிட்டார்.

அம்மா: (துடைத்த இடத்தையே திரும்பவும் துடைக்கிறாள்.)

இன்றைக்கும் கேட்டாள். அதே வசனம்தான்.

அப்பா


மே 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். தாமதத்துக்கு வேலை காரணம் இல்லை. அன்றைக்குப் பேசினதாக நீங்கள் எழுதினது சரிதான், அதை எனக்கு எழுதி அனுப்பியதும் சரிதான். இதோடு இருக்கும் இன்னொரு உறை அம்மாவுக்கு. படித்துக் காட்ட வேண்டாம். கையில் கொடுத்துவிடுங்கள்.

சிட்டு

—

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவிடம் கேட்டால் அவர் இடுப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்.

அன்றைக்கு நான் சொன்னதாக அப்பா எழுதினதை முதலில் நான் நம்பவில்லை. "அப்புறமா வெளக்கமா சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். யார் கேட்டாலும் அடித்துச் சொல்லியிருப்பேன். பிறகு, படத்தைப் பின்னால் ஓட்டுகிற மாதிரி, அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஜிப் சிக்கினது. உன் கை பையைப் பிடித்துக்கொண்டது. நீ கேட்டது. அப்புறம் என் குரல். அப்பா எழுதினது அப்படியே இருந்தது. ஊரார் பேசினதையெல்லாம் எழுத்து விடாமல் எழுதுகிற நான், என் பேச்சை மட்டும் நல்லதாகத் திருத்தி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் குரலைத் திரும்பக் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

மன்னித்துவிடு என்று நாலைந்து தாளில் எழுதிக் கிழித்தேன். ஆனால் அன்றைக்கு நீ கேட்டது அது இல்லையே. என்ன வேலை என்றுதானே கேட்டாய். அப்பாவுக்கு எழுதினது பேட்டரிக்காரருக்குச் சொல்ல. இது உனக்கு.

இப்போது செய்கிற படத்தில் ஒரு பெண், மாடிப்படிக்குக் கீழே நின்று வளர்ந்த மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பேர் சொல்லி ஒரு வாட்டி. இன்னும் சத்தமாக ஒரு வாட்டி. "ஆறிப்போகுதுப்பா" என்று ஒரு வாட்டி. மேலேயிருந்து பதில் இல்லை. அவள் திரும்பிப் போகிறாள். அப்போது அவள் உதடு அசைகிறது, ஆனால் குரல் இல்லை. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வாட்டி ஓட்டிப் பார்த்தேன். குரல் சேர்க்கவே இல்லை. முதலில் எழுதின வசனத்தாளிலும் அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது.

கமா அக்கா வந்து பார்த்தார்.

"சத்தம் இல்லன்னா வரி இல்ல. மேல போ."

"பேசியிருக்காங்கக்கா."

"என்ன பேசினாங்க?"

"தெரியாது."

"தெரியாதத எப்படி எழுதுவே?"

நான் எழுதிவிட்டேன். பேசுபவர் பெயர் என்ற பத்தியில் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டு, எதிரே "உதடு அசைகிறது, குரல் இல்லை" என்று ஒரு வரி. கமா அக்கா அதை அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "படம் போறதுக்கு இன்னும் நாள் இருக்கு, நல்லா யோசிச்சு நீயே சொல்லு" என்றுவிட்டுப் போனார். யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இதுதான் என் வேலை அம்மா. தினமும் இதுதான். அந்த வரியை விட்டுவைக்கலாமா, அடித்துவிடலாமா? நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் மகள்


ஜூன் 6

சிட்டுக்கு அப்பா எழுதுவது.

உன் சுகத்தை இந்தத் தரம் நான் விசாரிக்கப் போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். நான் சுகம். இடுப்புகூடக் கட்சியைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

உன் உறையை அம்மாவிடம் கொடுத்தேன். "படிக்கட்டுமா?" என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு இதுதான் முதல் தரம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிளேடை எடுத்து நானே தையலைப் பிரிக்க உட்கார்ந்தேன். நல்ல உறையைப் பிரித்துவிட்டேன்.

மறுநாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்து நின்றாள்.

"அந்த வரிய அடிக்க வேண்டாம்னு அவகிட்ட சொல்லணும்."

"எந்த வரி?"

"அது உங்களுக்குப் புரியாது."

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, மெஷின விடுங்க, சொல்றேன்" என்றாள்.

உன் வேலை என்னவென்று உன் அம்மா எனக்கு விளக்கினாள், சிட்டு. மிதியிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று வசனத்தையும் சொன்னாள். எருமையைச் சொல்லும்போது சிரித்தாள், இந்தத் தரம் நான் சத்தியம் பண்ணுவேன். எல்லாவற்றையும் முதன்முதலாகக் கேட்கிறவன்போல் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். பேட்டரிக்காரரும் வந்து நின்று கேட்டார். நடுவில் அவர் ஒரு சந்தேகம் கேட்க, "இருங்க, அதுக்குத்தான் வரேன்" என்று அவரை அடக்கினாள். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே நிற்கிற அந்தப் பெண்ணிடம் வந்தாள்.

"அந்தப் பொம்பள என்னமோ சொல்லிட்டுத்தான் போறா. காதுல விழலங்கறதுக்காக அவ சொல்லவே இல்லன்னு ஆயிடுமா? பேரு போட்டது சரிதான். அப்படியே இருக்கட்டும்."

"எழுதிடவா?" என்று பேனாவைத் தேடினேன்.

"வேண்டாம். நீங்க எழுதினா உங்க பேச்சாதான் போய்ச் சேரும். நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

"போயா? எங்க?"

"அவ இருக்கற எடத்துக்குத்தான். வேற எங்க?"

"அப்ப நானும் வரேன்."

"நீங்க வந்தா நீங்கதான் பேசுவீங்க. கடையப் பாருங்க."

பேட்டரிக்காரர், "நியாயம்தாண்ணே" என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் தைத்த சீட்தான், நேராகத் தைத்தது. பையில் என்னென்னவோ திணித்திருக்கிறாள். உனக்கு அங்கே கிடைக்காது என்று நினைத்து ஒரு கட்டு சோப்புகூட இருக்கிறது. அங்கே சோப்பு விற்பார்கள் என்று நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். வழியில் பிரித்துப் படிப்பாள், படிக்கட்டும். அதனால்தான் அவளைப் பற்றி மோசமாக ஒன்றும் எழுதவில்லை.

அங்கே நீங்கள் இரண்டு பேரும் பேசுவதை நீ எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேண்டாம். அது உங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

இதை நின்றுகொண்டே படித்து முடிக்கப் பார்க்காதே. உன் அறை மாடியில் இருப்பதால் அவள் முழங்காலோடு அத்தனை படி ஏறி வந்து நிற்கிறாள். பை பாரம். வேண்டாம் வேண்டாம் என்பாள், கேட்காதே. முதலில் அதை வாங்கு.

அப்பா